லினக்ஸில் வேண்டாத பொதிகளைப் பத்திரமாக நீக்குவது எப்படி

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஆறு பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. இரண்டு, 2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியவர்கள் படித்து முடித்ததும் கொடுத்தவை. மற்றவை கோயம்புத்தூர், பெங்களூரு என்று வேலைக்குப் போனவர்கள் விட்டுச் சென்றவை. நான்கில் லினக்ஸ் மின்ட், இரண்டில் டெபியன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அவற்றில் சொல்லிக்கொடுக்கிறேன். மாதம் ஒருமுறையாவது யாராவது வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, இடம் இல்லைன்னு வருது. எதைத் தூக்கலாம்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் மூன்றுக்கும் இது பொருந்தும். ஃபெடோரா, ஆர்ச் வைத்திருப்பவர்களுக்குக் கருவிகள் வேறு. இங்குள்ள கட்டளைகளை அங்கே பயன்படுத்த வேண்டாம்.

கட்டளைகளை நான் வகுப்பில் வாயால் சொல்வது போலவே ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். சூடோ (sudo) என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள். ஆப்ட் (apt) என்பது மென்பொருள் பொதிகளை நிறுவி நீக்கும் கருவி. டிஎஃப் என்பது df, யூநேம் என்பது uname, டிபிகேஜி என்பது dpkg. ஒற்றைக் கோடு இருந்தால் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு இருந்தால் இரட்டைக் கோடு. கோட்டுக்கும் அதை அடுத்து வரும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது.

மிளகுக் கொடியும் சில்வர் ஓக்கும்

லினக்ஸில் மென்பொருள் பொதி பொதியாக வருகிறது. ஒரு பொதி தனியாக வேலை செய்வது குறைவு. படம் வரையும் கிம்ப்பை நிறுவினால் அதற்குத் தேவையான இருபது முப்பது சிறு பொதிகளும் கூடவே வந்து இறங்கும். இதைச் சார்பு என்கிறோம்.

கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். கொடியை அறுத்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. மரத்தை வெட்டினால் கொடியும் சேர்ந்து விழும். பொதிகளும் அப்படித்தான். கிம்ப் கொடி, அது ஏறியிருக்கும் நூலகப் பொதிகள் மரம். கொடியை நீக்கினால் போவது அது மட்டும்தான். மரத்தில் கை வைத்தால் அதன்மேல் ஏறிய அத்தனையும் போகும், நீங்கள் பெயர் சொல்லாதவையும் சேர்த்து.

நல்ல செய்தி என்னவென்றால், எது எது விழும் என்பதைக் கணினி முன்கூட்டியே முழுப் பட்டியலாகச் சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் ஒய் (ஆம்) அல்லது என் (இல்லை) என்று உங்களிடம் கேட்கும். நான் பார்த்த விபத்துகள் எல்லாமே அந்தப் பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்தியதால் வந்தவை. இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் இடம் எங்கே போனது என்று பாருங்கள்

நீக்க ஆரம்பிக்கும் முன் இதைத் தட்டுங்கள்:

டிஎஃப் -எச்

வரும் அட்டவணையில் கடைசி நெடுவரிசையில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் உள்ள வரிதான் உங்கள் லினக்ஸ் இருக்கும் பகுதி. அது 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் வேலை இருக்கிறது. எங்கள் மடிக்கணினிகளில் வட்டு பெரியதுதான். ஆனால் நிறுவியபோது லினக்ஸுக்கு 20 ஜிபி மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். அதனால்தான் அடிக்கடி நிரம்புகிறது.

பெரும்பாலும் இடத்தைத் தின்பது பொதிகளே அல்ல. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் சினிமா, காலி செய்யாத குப்பைத் தொட்டி, வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கிய காணொளிகள் இவைதான். டிஸ்க் யூசேஜ் அனலைசர் என்ற செயலியைத் திறந்தால் எந்த ஃபோல்டர் எவ்வளவு என்று வட்டமாக வரைந்து காட்டும். அதை முதலில் பாருங்கள். 3 ஜிபி சினிமாவை அழித்தால் தீர்கிற பிரச்சினைக்கு, பயன்படுத்தும் பொதிகளை நீக்க வேண்டியதில்லை.

அடுத்து, எந்த ஆபத்தும் இல்லாத ஒரு சுத்தம்:

சூடோ ஆப்ட் கிளீன்

பொதிகளை நிறுவும்போது இறங்கிய மூலக் கோப்புகள் சில நேரம் அப்படியே சேர்ந்து கிடக்கும். நிறுவிய பிறகு அவற்றுக்கு வேலை இல்லை. இந்தக் கட்டளை அவற்றை மட்டும் அழிக்கும். நிறுவிய மென்பொருள் எதையும் தொடாது. ஆனால் எங்களைப் போல ஒரே இணைப்பில் ஆறு கணினிகளைப் புதுப்பிப்பவராக இருந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். அந்தக் கோப்புகள் வார் ஃபோல்டருக்குள் கேஷ், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் இருக்கும். அழிக்கும் முன் பென்டிரைவில் எடுத்து வைத்தால், அதே பதிப்பு ஓடும் அடுத்த கணினிக்கு மறுபடி இறக்க வேண்டாம். மழைக்காலத்தில் இங்கே ஒரு 200 எம்பி இறங்க ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

கையில் ஒரு கயிறு

தவறினால் பிடித்து ஏற ஏதாவது வேண்டும். மூன்று காரியங்கள்.

உங்கள் சொந்தக் கோப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். பொதிகளை நீக்குவது உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. இருந்தாலும் எடுங்கள்.

டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் கணினியின் இன்றைய நிலையை நகலெடுங்கள். மின்ட்டில் அது கூடவே வருகிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் நிறுவிக்கொள்ளலாம். புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. இந்த நகல் லினக்ஸ் கோப்பு முறையில் ஃபார்மட் செய்த வட்டில்தான் உட்காரும். கடையில் வாங்கிய பென்டிரைவை அப்படியே செருகினால் ஏற்காது. இடம் நிரம்பிய அதே பகுதியில் வைக்கவும் கூடாது, இருக்கிற கொஞ்சத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை இதற்கென்று ஒதுக்குவது நல்லது.

மூன்றாவது, நீங்கள் விரும்பி நிறுவிய பொதிகளின் பட்டியல்:

ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்

இதன் விடையை ஒரு கோப்பில் ஒட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே ஒரு கதையில் வரும்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். மலையில் ஐப்பசி, கார்த்திகையில் கற்பூர மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் கரன்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பொதி நீக்கம் பாதியில் நின்றால் கணினி குழப்ப நிலையில் நிற்கும். பேட்டரி நிறைந்திருக்கும்போது, சார்ஜரும் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். பேட்டரி செத்துப்போன மடிக்கணினி என்றால் மழை விட்ட நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, புதுப்பிப்புகள் பாக்கி இருந்தால் முதலில் அவற்றை முடித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வாருங்கள். பாதி புதுப்பித்த கணினியில் நீக்க ஆரம்பித்தால் எது எதனால் கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

எதை நீக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது

புதியவர்களுக்கு நான் சினாப்டிக் என்ற செயலியைத்தான் காட்டுவேன். திறந்து, நிறுவியவை மட்டும் தெரியும்படி வைத்து, அளவு என்ற நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கினால் பெரிய பொதி மேலே வரும். அந்த நெடுவரிசை தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் பிரிஃபரன்சஸ் போய் இயக்கிக்கொள்ளலாம்.

மேலிருந்து கீழே வாருங்கள். பெயரைப் பார்த்ததும் "இது நான் திறந்து பயன்படுத்தும் செயலி" அல்லது "இதை நான் ஒருநாளும் திறந்ததில்லை" என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது உங்கள் எல்லைக்குள் இருக்கும் பொதி. விளையாட்டுகள், மின்னஞ்சல் செயலி, சோதித்துப் பார்த்து விட்ட வீடியோ எடிட்டர், ஒரு சமயம் விண்டோஸ் மென்பொருள் ஓட்ட நிறுவிய ஒயின், ஒரு ப்ராஜெக்டுக்காக இறக்கிய டெக்ஸ்லைவ். இப்படிப்பட்டவை நல்ல வேட்பாளர்கள்.

பெயர் புரியவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். குறிப்பாக லிப் என்று தொடங்கும் பெயர்கள். அவை நூலகங்கள், மேலே சொன்ன மரங்கள். அவற்றை ஒவ்வொன்றாக நீங்கள் நீக்க வேண்டிய அவசியமே இல்லை. யாரும் சார்ந்திராதபோது கணினியே சொல்லும்.

பைத்தான்3 என்று ஒன்று இருக்கும். "நான் புரோகிராம் எழுதுவதில்லையே" என்று அதை நீக்கப் போகாதீர்கள். கணினியின் பாதிக் கருவிகள் பைத்தானில் எழுதியவை; அதை இழுத்தால் திரை முழுக்கக் கூடவே வரும். சிஸ்டம்டி, கிரப், நெட்வொர்க்-மேனேஜர், எக்ஸ்சர்வர், லைட்டிடிஎம் அல்லது ஜிடிஎம்3 ஆகியவற்றிலும் கை வைக்கக்கூடாது.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: லினக்ஸ்-ஃபர்ம்வேர் (டெபியனில் ஃபர்ம்வேர் என்று தொடங்கும் பொதிகள்). அளவு வாரியாக அடுக்கினால் உச்சியிலேயே நிற்கும், பார்த்ததும் நீக்கத் தோன்றும். வைஃபை, புளூடூத், கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கான கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. நீக்கிய அன்று ஒன்றும் ஆகாது. அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை இருக்காது. வைஃபை இல்லாமல் அதை மறுபடி இறக்கவும் முடியாது. கேபிள் இணைப்பு இல்லாத ஊரில் இது பெரிய சிக்கல். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கி மீட்கலாம். இந்த வழி நினைவில் இருக்கட்டும், என்றைக்காவது உதவும்.

ஒரு பொதி என்ன என்று தெரிய ஆப்ட் ஷோ என்று தட்டி அதன் பெயரைக் கொடுங்கள். அதை யார் சார்ந்திருக்கிறார்கள் என்று தெரிய:

ஆப்ட் ஆர்டிபெண்ட்ஸ் --இன்ஸ்டால்ட் பெயர்

முதல் எழுத்து ஆர், அதை ஒட்டி டிபெண்ட்ஸ், எல்லாம் ஒரே சொல். பட்டியல் நீளமாக வந்தால் அது மரம். காலியாகவோ ஒன்றிரண்டோ வந்தால் கொடி.

ஒத்திகை

இப்போது கிம்ப்பை நீக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் நீக்கும் முன் ஒத்திகை பார்க்க ஒரு வசதி இருக்கிறது:

ஆப்ட் -எஸ் ரிமூவ் கிம்ப்

எஸ் என்பது சிமுலேட். எதையும் தொடாமல், தொட்டால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும். இதற்கு சூடோ கூட வேண்டாம், கடவுச்சொல்லும் கேட்காது. பயப்படாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

வரும் விடையில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துக் குழம்புவார்கள், அதனால் நின்று விளக்குகிறேன். ஒன்று, "தானாக நிறுவப்பட்டவை, இனித் தேவையில்லை" என்ற பொருளில் தொடங்கும். அது வெறும் தகவல்; அந்தப் பொதிகள் இப்போது போகப் போவதில்லை. இன்னொன்றின் தலைப்பில் ரிமூவ்டு (ஆப்ட் 3-ல் ரிமூவிங்) என்ற சொல் பெரிய எழுத்துகளில் இருக்கும். இப்போது உண்மையில் போகப் போவது அதன் கீழ் உள்ளவைதான். டெபியன் 13-ல் வரும் ஆப்ட் 3 நீக்கும் பட்டியலைச் சிவப்பில் காட்டுகிறது. பழைய பதிப்புகளில் எல்லாம் ஒரே நிறம்தான்.

ரிமூவ்டு பட்டியலில் கிம்ப் மட்டும் இருந்தால் சரி. கூடவே கிம்ப் என்று தொடங்கும் ஒரு துணைப் பொதி இருந்தாலும் சரி. சம்பந்தமில்லாத ஒரு பெயர் இருந்தாலும் நிறுத்துங்கள். டெஸ்க்டாப் என்று முடியும் பெயர் வந்தால் கட்டாயம் நிறுத்துங்கள். நீக்கச் சொன்னபோது "புதிதாக நிறுவப்படும்" என்று ஒரு பட்டியலும் வந்தால் அதையும் கவனியுங்கள்: ஒன்றை எடுத்தால் அந்த இடத்தை நிரப்ப வேறொன்றைக் கணினி கொண்டுவருகிறது என்று பொருள், இடம் மிச்சமாகாது.

ஒத்திகை திருப்தியாக இருந்தால்:

சூடோ ஆப்ட் ரிமூவ் கிம்ப்

மறுபடியும் அதே பட்டியல் வரும். மறுபடியும் படியுங்கள். எத்தனை எம்பி விடுபடும் என்றும் சொல்லும். பிறகு ஒய்.

கட்டளையில் -ஒய் என்று சேர்த்துவிட்டால் கேள்வியே கேட்காமல் நீக்கிவிடும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் இது நிறைய இருக்கும். நீக்கும் கட்டளையில் இதை ஒருநாளும் சேர்க்காதீர்கள். பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக நீக்கும் குறிப்புகளையும் நகலெடுக்காதீர்கள்; நினைத்ததைவிடப் பல மடங்கு பொதிகள் அதில் மாட்டும்.

2021 நவம்பரில் யூடியூபில் பெயர் பெற்ற ஒருவர் லினக்ஸில் ஒரு விளையாட்டுச் செயலியை நிறுவப்போக, பொதிச் சார்பில் இருந்த ஒரு பிழையால் டெஸ்க்டாப்பே நீங்கிவிட்டது. கணினி எச்சரித்தது, நீங்கப்போகும் பொதிகளைப் பட்டியலிட்டது, "ஆம், நான் சொல்கிறபடி செய்" என்ற முழு வாக்கியத்தை ஆங்கிலத்தில் தட்டினால்தான் செய்வேன் என்றது. அவர் தட்டினார். பல ஆண்டுகளாகக் கணினியோடு வாழ்பவருக்கே இது நடந்தது. அதன் பிறகு ஆப்ட்டை எழுதுகிறவர்கள், இன்றியமையாத பொதிகளை இப்படி ஒரு வாக்கியத்தால் நீக்க முடியாதபடி மாற்றிவிட்டார்கள். ஆனால் கணினி இன்றியமையாதது என்று குறித்திருக்கும் பொதிகள் குறைவு. வைஃபையும் தமிழ் எழுத்தும் அந்தக் கணக்கில் வராது.

ஆட்டோரிமூவும் வங்காள எழுத்துருவும்

பீன்ஸ் கொடிக்கு ஊன்றிய குச்சி, அறுவடை முடிந்தால் வெறும் குச்சி. கிம்ப்புக்காக வந்த பொதிகள், கிம்ப் போன பிறகு அப்படிக் கிடக்கும். அவற்றைப் பிடுங்குவதுதான் ஆட்டோரிமூவ்.

எந்தப் பொதி குச்சி என்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பொதியும் நீங்கள் பெயர் சொல்லி நிறுவியதா, இன்னொன்றுக்காகத் தானாக வந்ததா என்று குறித்து வைத்திருக்கிறது. முன்னது மேனுவல், பின்னது ஆட்டோ. ஆட்டோ என்று குறித்த ஒன்றைச் சார்ந்து யாரும் இல்லை என்றால் அதை நீக்கலாம் என்று முடிவு செய்யும். நீங்கள் அதைத் தினமும் பயன்படுத்துகிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. இங்கேதான் நாங்கள் அடிபட்டோம்.

டெபியன் உள்ள ஒரு மடிக்கணினியில் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் எழுத்துரு தரும் ஃபான்ட்ஸ்-இண்டிக் என்ற ஒரே பொதியை நான் நிறுவியிருந்தேன். அது ஒரு கூட்டுப் பொதி: அதனிடம் எழுத்துரு எதுவும் இல்லை, வங்காளம், தெலுங்கு, தமிழ் என்று ஒவ்வொரு மொழியின் பொதியையும் சார்ந்திருக்கும், அவ்வளவுதான். நான் பெயர் சொன்னது கூட்டுப் பொதியை மட்டும். தமிழ் எழுத்துருப் பொதி தானாக வந்தது. அதாவது கணினியின் கணக்கில் அது ஆட்டோ.

பதினோராம் வகுப்புத் தம்பி ஒருவன், நல்ல சூட்டிகை. இடம் மிச்சம் பிடிக்க வங்காள எழுத்துருவை நீக்கினான். அடுத்த ஞாயிறு வந்து நிற்கிறான்.

"அண்ணா, தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா வருதுண்ணா."

"என்ன நீக்குன?"

"பெங்காலி ஃபான்ட் மட்டுந்தாண்ணா. நமக்கு எதுக்குன்னு. அப்புறம் ஆட்டோரிமூவ் போடச் சொல்லி அதுவே கேட்டுச்சு, போட்டேன்."

திறந்து பார்த்தால் தினத்தாள் தளம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். அவன் பாடக் குறிப்புகளும் அப்படியே. கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது, காட்ட எழுத்துரு இல்லை. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

ஆப்ட் தான் செய்வதையெல்லாம் எழுதி வைக்கும். வார் ஃபோல்டரில் லாக், அதில் ஆப்ட், அதில் ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பு. இருவரும் சேர்ந்து திறந்தோம். தேதி, தட்டிய கட்டளை, நீங்கிய பொதிகள் என்று வரிசையாக இருந்தது. முதல் பதிவில் வங்காளப் பொதி, கூடவே ஃபான்ட்ஸ்-இண்டிக். ஒன்று போனால் கூட்டுப் பொதி நிற்க முடியாதல்லவா. அடுத்த பதிவு ஆட்டோரிமூவ்: கூட்டுப் பொதி போனதால் ஆள் இல்லாமல் நின்ற மொழிகள் அத்தனையும், நடுவில் தமிழும். இரண்டு முறையும் கணினி அந்தப் பெயர்களைத் திரையில் காட்டித்தான் ஒய் கேட்டது.

தமிழ்ப் பொதியை மட்டும் அதன் பெயரைச் சொல்லி நிறுவினோம். ஃபான்ட்ஸ், கோடு, பிறகு டி-ஏ-எம்-எல் என்ற நான்கு எழுத்துகள். பெயர் சொன்னதால் இப்போது அது மேனுவல். பெட்டிகள் எழுத்தாக மாறின. அவன் மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

ஆகவே ஆட்டோரிமூவ் போடும் முன் எப்போதும் ஒத்திகை:

ஆப்ட் -எஸ் ஆட்டோரிமூவ்

பட்டியலில் நீங்கள் பயன்படுத்தும் பெயர் ஒன்று இருந்தால் அதைக் காப்பாற்ற:

சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல் பெயர்

இனி ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. தமிழில் தட்டுபவர்கள் எழுத்துருவோடு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ், எம்17என் என்ற பெயர்கள் பட்டியலில் வருகின்றனவா என்று தேடிப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகை பல கணினிகளில் அவற்றின் வழியாகத்தான் வருகிறது. பெயரைப் பார்த்தால் தமிழுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகவே தோன்றாது.

ரிமூவா, பர்ஜா

ரிமூவ் மென்பொருளை நீக்கும், அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். நாளை மறுபடி நிறுவினால் பழைய அமைப்போடு திரும்பும். பர்ஜ் அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அழிக்கும். சாதாரணச் செயலிகளுக்கு இந்தக் கோப்புகள் சில கேபி மட்டுமே. இடம் மிச்சம் பிடிக்க பர்ஜ் தேவையில்லை. முதலில் ரிமூவ். சில வாரம் கழித்தும் தேவைப்படவில்லை என்றால் பர்ஜ்.

டேட்டாபேஸ் சர்வர்களை பர்ஜ் செய்யும்போது மட்டும் கவனம். உள்ளே இருக்கும் தரவையும் சேர்த்து அழிக்கக்கூடும்.

ரிமூவ் செய்து அமைப்பு மட்டும் மிச்சமிருக்கும் பொதிகளை சினாப்டிக்கில் நிலைவாரிப் பட்டியலில் தனியாகப் பார்க்கலாம். இரண்டு கட்டளையும், உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்களைத் தொடாது. அவை பெரிதாக இருந்தால், எந்தச் செயலியுடையது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு நீங்களே அழிக்க வேண்டும்.

பழைய கெர்னல், ஸ்னாப், ஃப்ளாட்பேக்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய கெர்னல் ஒன்று பின்னால் தங்கும். ஒவ்வொன்றும் சில நூறு எம்பி. இவற்றைக் கையால் நீக்காதீர்கள். ஆட்டோரிமூவே செய்யும், இப்போது ஓடும் கெர்னலையும் புதியதையும் அது விட்டுவைக்கும். எது ஓடுகிறது என்று தெரிய, யூநேம் -ஆர். புதிய கெர்னல் இறங்கியபின் ரீஸ்டார்ட் செய்து, அதில் வைஃபையும் ஒலியும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஆட்டோரிமூவ் போடுங்கள்.

உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் உள்ளிட்ட சில செயலிகள் ஸ்னாப் என்ற வேறு வகைப் பொதியாக வருகின்றன. ஆப்ட்டுக்கு அவை கட்டுப்படாது. ஸ்னாப் லிஸ்ட் என்று தட்டிப் பார்த்து, சூடோ ஸ்னாப் ரிமூவ் என்று பெயர் கொடுத்து நீக்கலாம். நீக்கும்போது அந்தச் செயலியின் தரவை நகலெடுத்து 31 நாள் வைத்திருக்கும், அதனால் இடம் உடனே முழுதாக விடுபடாமல் போகலாம். மின்ட்டில் ஸ்னாப் கிடையாது, அதைப் போன்ற ஃப்ளாட்பேக் என்ற இன்னொரு வகை உண்டு:

ஃப்ளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்ட்

யாரும் பயன்படுத்தாத அடித்தளங்களை இது நீக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும். பல மாதம் ஓடிய மின்ட்டில் வேறு எதையும் விட இதில்தான் அதிக இடம் திரும்பக் கிடைத்தது என்று எங்கள் கணினிகளில் பார்த்திருக்கிறேன். இதுவும் பட்டியலைக் காட்டிக் கேட்டுத்தான் நீக்கும்.

பாதியில் நின்றால்

கரன்ட் போய்க் கணினி அணைந்துவிட்டது, திரும்ப வந்ததும் ஆப்ட் எதைச் சொன்னாலும் பிழை காட்டுகிறது. பதறாமல் இந்த இரண்டையும் இதே வரிசையில்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது பாதியில் நின்ற பொதிகளை முடித்து வைக்கும். இரண்டாவது அறுந்த சார்புகளைச் சரிசெய்யும். அப்போதும் அது சில பொதிகளை நீக்கலாமா என்று கேட்கக்கூடும். பட்டியலைப் படியுங்கள்.

டெஸ்க்டாப்பே வரவில்லை, கறுப்புத் திரை மட்டும் என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும். உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், ஹிஸ்டரி.லாக் கோப்பில் எது நீங்கியது என்று பார்த்து, அதை ஆப்ட் இன்ஸ்டால் மூலம் திரும்ப நிறுவலாம். இணைப்பு இல்லையென்றால் டைம்ஷிஃப்ட் நகல் இருக்கிறது; நிறுவும் பென்டிரைவில் கணினியைத் திறந்து அங்கிருந்தும் அதை மீட்க முடியும்.

எல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து நான்கைச் சோதியுங்கள்: வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, ஒரு வரி தமிழில் தட்டவும் படிக்கவும் முடிகிறதா. எங்கள் படிப்பகத்தில் ஒவ்வொரு மடிக்கணினிக்கும் ஒரு 40 பக்க நோட்டு இருக்கிறது. நீக்கிய தேதி, பொதியின் பெயர், ஏன் நீக்கினோம் என்று அதில் எழுதுகிறோம். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் டைம்ஷிஃப்டில் எடுத்த நகலையும் அழித்துவிடலாம்.